பன்னிரண்டில் ஒரு பெயர்

நியாகபாரே,
மார்ச் 3, ஞாயிறு.

அன்புள்ள அட்யேரிக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் எஜமானி உன் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்ட பிறகு வேறு எப்படித் தெரிந்துகொள்வது? மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை உன்னைத் தேவாலயத்துக்கு விடுகிறாளே, அதுவரைக்கும் நல்லவள்தான். மஸ்கட்டில் வெயில் அதிகம் என்று ரேடியோவில் சொன்னார்கள். தண்ணீர் நிறையக் குடி.

வீட்டுச் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. போன வாரத்து மழையில் சமையல்கட்டுக் கூரை ஒரு மூலையில் இறங்கிவிட்டது, முட்டுக் கொடுத்திருக்கிறேன். சிவப்புக் கோழி பதினோரு குஞ்சு பொரித்தது, அதில் நாலு பருந்துக்குப் போயிற்று. கேழ்வரகுக் களி கிண்டுவதில் நான் இன்னும் தேறவில்லை. ஒரு நாள் கஞ்சியாக இருக்கிறது, மறுநாள் கல்லாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், ஒருத்தனுக்காக அடுப்பு மூட்ட மனசே வருவதில்லை. பாதி நாள் மரவள்ளிக்கிழங்கைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

எங்கள் சரணாலயத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். பெண் சிம்பன்சி, ஐந்து வயதிருக்கலாம் என்கிறார் டாக்டர் நகிபூக்கா. (அவரை உனக்குத் தெரியாது. பழைய டாக்டர் போய், டிசம்பரில் கம்பாலாவிலிருந்து இந்த அம்மா வந்திருக்கிறார். நல்லவர், வாய்தான் கொஞ்சம் நீளம்.) ஏரிக்கரையில் ஒரு சாராயக்கடையில் இடுப்பில் சங்கிலியோடு கிடந்தவளைப் பிடித்து வந்தார்கள். காங்கோ பக்கத்திலிருந்து படகில் கொண்டுவந்து யாரோ விற்றார்களாம். கடைக்காரன் அவளைக் ‘குடிகாரி’ என்றுதான் கூப்பிட்டானாம். வாடிக்கையாளருக்கு நாற்காலி இழுத்துப் போடுவாள், சோடா மூடியைப் பல்லால் திறப்பாள், சிகரெட் பிடிப்பாள். மரம் ஏற மட்டும் தெரியாது.

புதிதாக வந்ததை மூன்று மாதம் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியாக வைக்க வேண்டும். காசநோய் இருக்கிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கூட்டத்தில் விடுவார்கள். அதுவரை முகமூடியும் கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஆள்தான் அவளிடம் போகலாம். அந்த ஆளாக என்னைப் போட்டார்கள். வீட்டில் காத்திருக்க யாரும் இல்லாதவன், நேரம் பார்க்காமல் இருப்பான் என்று கூட வேலை பார்க்கும் பகுமா சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

வந்த முதல் மூன்று நாள் அவள் ஒன்றும் தின்னவில்லை. மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். பப்பாளி வைத்தேன், கரும்பு வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தேன், என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: “அட்யேரி, ராத்திரி நல்லாத் தூங்குனியா?”

நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆறு வருஷம் தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும் சொன்ன வார்த்தை. நீ போன பிறகு ஒன்றரை வருஷமாக அது வாய்க்குள்ளேயே கிடந்தது. அவள் ஆடுவதை நிறுத்தினாள். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தாள். மறுபடியும் சொன்னேன். கையை நீட்டினாள். அந்தக் கையில் ஒரு துண்டு பப்பாளியை வைத்தேன், தின்றாள்.

அப்புறம் நான் அதை மாற்றவில்லை. நீ கோபித்துக்கொள்ளாதே. இவ்வளவு நாளில் நான் எம்பாக்கோப் பெயர் வைத்த முதல் உயிர் அவள்தான்.

டாக்டருக்கு நம் வழக்கம் தெரியாது. சொந்தப் பெயர் ஒரு பக்கம் இருக்க, பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு அன்புப் பெயர்களில் ஒன்றை எம்பாக்கோவாகவும் வைப்போம், யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லித்தான் நலம் விசாரிப்போம், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறான் என்று அர்த்தம் என்று அவருக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, “உங்க ஜில்லாவுல மொத்தமே பன்னிரண்டு பேருதானா? நான் வந்து மூணு மாசத்துல ஏழு அட்யேரியப் பாத்துட்டேன். எட்டாவதுக்கு உடம்பெல்லாம் முடி” என்றார். பகுமா விடுவானா? “ஏய் அப்பூலி, பொண்டாட்டிய மஸ்கட்டுக்கு அனுப்பிட்டு அதே பேருல இங்க ஒண்ணச் சேத்துக்கிட்டியா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டான். நானும் சிரித்தேன்.

சாப்பாட்டைத் தவறவிடாதே. கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று எழுது.

உன்,
அப்பூலி


நியாகபாரே,
ஜூன் 16, ஞாயிறு.

அன்புள்ள அட்யேரிக்கு,

உன் கடிதம் வந்தது. கால் வீக்கம் வடிந்தது கேட்டு நிம்மதி. “அவ சமைப்பாளா, துணி தொவைப்பாளா, இல்ல அதுக்கும் நான்தான் வரணுமா?” என்று நீ எழுதியிருந்ததைப் பகுமாவிடம் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அதை இன்னொரு தடவை வீட்டில் தனியாகப் படித்தேன். உன் குரலிலேயே இருந்தது.

மூன்று மாதம் முடிந்து அவளை வெளியே கொண்டுவந்தோம். காட்டை ஒட்டிய வேலிக்குள் முதலில் ஒரு சின்னப் பட்டியில் விட்டோம். நீ நம்ப மாட்டாய், புல்லைப் பார்த்துப் பயந்தாள்! சிமெண்டுத் தரையைத் தவிர எதையும் மிதித்ததில்லை போலிருக்கிறது. காலை வைப்பாள், சூடுபட்டதுபோல எடுப்பாள், என் பூட்ஸ் மேல் ஏறி நின்றுகொள்வாள். நாலு நாள் அவளைச் சுமந்துகொண்டே புல்லில் நடந்தேன். ஐந்தாம் நாள் நானே படுத்து உருண்டு காட்டினேன். ஜெனரோசா அக்கா பார்த்துவிட்டு, “தம்பிக்கு வலிப்பு, ஓடியாங்க” என்று கத்தி டாக்டரைக் கூட்டிவிட்டாள். ஜெனரோசா அக்காதான் எங்கள் சமையல்கட்டு. நாற்பத்துமூன்று சிம்பன்சிகளுக்கும் ஒன்பது ஆட்களுக்கும் காய் நறுக்கி, கூழ் காய்ச்சி, அதற்கு மேலும் சண்டை போட அவளுக்குத் தெம்பு இருக்கிறது.

கூடு கட்டவும் தெரியவில்லை. இவை சாயங்காலமானால் கிளையை வளைத்துப் போட்டு அதன்மேல் படுக்கும். அம்மாவிடம் பார்த்துக் கற்றுக்கொள்வது அது. இவள் அம்மாவைச் சுட்டுத்தானே இவளைப் பிடித்திருப்பார்கள். அதனால் நான் தினமும் இலையோடு கிளைகளை ஒடித்துக்கொண்டு போய்ப் போட்டு, மடக்கி, மேலே உட்கார்ந்து காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, நான் எழுந்ததும் என் கூட்டில் வந்து படுத்துக்கொள்வாள். சோம்பேறி. ஆனால் முடி வளர்ந்துவிட்டது, கையெல்லாம் இப்போது கறுப்பு.

பக்கத்துப் பட்டியில் கஜுராவை விட்டிருக்கிறார்கள். கஜுராவை உனக்குத் தெரியும், ஒரு காது கிழிந்த கிழவி, நீ வந்தபோது உன் குடையைப் பிடுங்கினாளே, அவள்தான். யார் பிள்ளையானாலும் மடியில் போட்டுக்கொள்வாள். கம்பி வலை வழியாக விரலை நீட்டி இவள் முதுகைக் கிளறுகிறாள். இவள் முதலில் பல்லைக் காட்டினாள், இப்போது முதுகைத் திருப்பிக் கொடுக்கிறாள். அடுத்த மாதம் இரண்டு பேரையும் சேர்த்துப் பெரிய கூட்டத்தில் விடப் போகிறார்கள். கூட்டத்துக்குத் தலைவன் கிடாரா. அவன் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரே ஒரு தொல்லை, நான் இழுத்துவிட்டது. பெயர். அவளுக்கு அட்யேரி என்று காதில் விழுந்தால் போதும், செய்துகொண்டிருப்பதைப் போட்டுவிட்டு வேலிக்கு ஓடிவருகிறாள். இந்த ஊரில் அந்தப் பெயர் எத்தனை வாயில் எத்தனை தடவை வரும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? ஜெனரோசா அக்காவும் அட்யேரிதான். காலையில் அவளை ஒன்பது பேர் விசாரிக்கிறார்கள், ஒன்பது தடவையும் இவள் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். ஓடைக்குப் போகும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டாலும் வருகிறாள். வந்து, முகங்களைப் பார்த்து, தன்னை இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஆட ஆரம்பிக்கிறாள். பார்க்கச் சிரிப்பாகவும் இருக்கிறது, பாவமாகவும் இருக்கிறது.

கடைசியாக நீ கேட்ட விஷயம். நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, எஜமானி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள், நான் என்ன சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ அங்கே இருப்பவள், உனக்குத்தான் நிலவரம் தெரியும். உன் இஷ்டம்.

மழை நின்றுவிட்டது. உன் தையல் மெஷின்மேல் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன், எலி ஏறவில்லை.

உன்,
அப்பூலி


நியாகபாரே,
ஆகஸ்ட் 25, ஞாயிறு.

அன்புள்ள அட்யேரிக்கு,

ஜூலை மாதக் கடிதமும் வரவில்லை, ஆகஸ்ட் மாதக் கடிதமும் வரவில்லை. தபாலில் தாமதமாக இருக்கலாம். தேவாலயத்துக்கு விடவில்லையோ? உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நான் எழுதியதில் ஏதாவது உன்னை வருத்தியதா என்றும் யோசிக்கிறேன்.

இங்கே ஒரு கெட்ட காரியம் நடந்துவிட்டது. என்னால் நடந்தது, உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஜூலை கடைசியில் அவளையும் கஜுராவையும் கூட்டத்தில் விட்டோம். முதல் பத்து நாள் நன்றாகவே போயிற்று. கிடாரா மயிரைச் சிலிர்த்துக்கொண்டு வந்தால் அவள் கஜுராவின் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள், கஜுரா அவனைச் சமாதானம் பண்ணுவாள். அவளுக்கென்று ஒரு இடம் கிடைத்துக்கொண்டிருந்தது. அப்போது பஞ்சாயத்துத் தலைவர் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சரணாலயம் பார்க்க வந்தார். தலைவரின் மனைவி யார்? அட்யேரி. நம் பெண்கள் விசாரிக்கும் அழகு உனக்குத் தெரியாதா, ஒரு தடவையோடு விடுவார்களா? “அட்யேரி! நல்லாயிருக்கியா அட்யேரி! புள்ளைங்க சுகமா அட்யேரி!” என்று வேலி ஓரத்தில் நின்றுகொண்டு மாற்றி மாற்றிக் கூவினார்கள்.

உள்ளே தீனி போட்ட நேரம். கிடாரா பலாப்பழத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவள் கஜுராவின் மடியிலிருந்து எழுந்து, கையை நீட்டிக்கொண்டு, நேராக அவன் பழத்தைத் தாண்டி வேலிக்கு ஓடிவந்தாள். அவன் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டான். எழுந்து ஒரே அறை. கஜுரா கத்திக்கொண்டே அத்திமரத்தில் ஏறினாள், பின்னால் வா என்றுதான் கத்தினாள், அது எனக்கு இப்போது தெரிகிறது. இவளும் மரத்தைப் பார்த்துத் திரும்பினாள். திரும்பியவளை நான் கூப்பிட்டேன். “அட்யேரி, இங்க வா, அட்யேரி!” என்று அலறினேன். மரத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். இந்தப் பெரிய வேலியில் மின்சாரம். அது அடித்துத் தள்ளியது, பின்னால் கிடாரா பிடித்துக்கொண்டான். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அடிபட்டு விழுந்த பிறகும் என் பக்கம்தான் மற்றக் கையை நீட்டினாள்.

நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் கஜுராவோடு மரத்தில் ஏறியிருப்பாள். பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஊமையாக இருந்துவிட்டு, ஊமையாக இருக்க வேண்டிய ஒரே இடத்தில் வாயைத் திறந்தேன்.

டாக்டர் மூன்று மணி நேரம் தையல் போட்டார். முடித்துவிட்டு வெளியே வந்து என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “கசாங்காக்கி, அவளுக்கு இன்னும் நாப்பது வருஷம் இருக்கு. உங்களுக்கு இருக்கா? நீங்க போனப்பறம் அவ யார்கிட்ட ஓடுவா?” என்று கேட்டார். என் பெயரைச் சொன்னது சண்டைக்கு இல்லை, அவருக்கு நம் வழக்கம் இன்னும் பழகவில்லை, என்றாலும் எனக்குச் சுட்டது. காயம் ஆறியதும் மறுபடி கூட்டத்தில் விடுவார்களாம். இனி அவள் கண்ணில் நான் படக் கூடாது. சரணாலயத்துக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அக்டோபரில் ஒரு சோதனை வைப்பார்களாம். அப்போதும் பெயரைக் கேட்டுக் கூட்டத்தை விட்டு வேலிக்கு வந்தால், அவளைப் பின்கூண்டுக்கு மாற்றிவிடுவார்கள். மனிதர்களை மறக்கவே முடியாத இரண்டு அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. உனக்கு நான் காட்டியதில்லை. சாகும்வரை கம்பிக்குப் பின்னால்தான்.

என்னைக் கரும்புத் தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். வேலியிலிருந்து அரை மைல். களை பிடுங்குகிறேன், பேச்சுத் துணைக்குக் காக்காய்.

பெயர்த் தடையால் நடந்த கூத்தையும் கேள். டாக்டர் வாசலில் பலகை வைத்தார்: ‘உள்ளே அட்யேரி என்று சொல்லாதீர்கள்.’ வருகிறவன் எல்லாம் பலகை முன்னால் நின்று அதை வாய்விட்டுப் படிக்கிறான்! இரண்டாம் நாளே பிடுங்கிப் போட்டார்கள். ஜெனரோசா அக்கா மூன்று நாள் கூழ் காய்ச்ச மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். “பேரச் சொல்லி விசாரிக்காம ‘சமையல்காரம்மா’ன்னு கூப்புடுறீங்களே, நான் என்ன கோழிக்கூண்டுலயா பொறந்தேன்? எங்கப்பன் வெச்ச பேர ஒரு கொரங்குக்காக வாசல்ல செருப்பு மாதிரி கழட்டி வெச்சுட்டு வரணுமா?” என்று கேட்டாள். அதனால் பகுமா தினமும் அவளை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய், ஆசை தீர விசாரித்துவிட்டு உள்ளே அழைத்து வருகிறான். அதன்பிறகுதான் கூழ் கொதிக்கிறது.

எனக்குத்தான் அந்தப் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. தோட்டத்தில் இல்லை, வீட்டில் இல்லை. காலையில் எழுந்ததும் வாய் திறக்கிறது, மூடிக்கொள்கிறேன். உனக்கு எழுதும்போது மட்டும் மேலே ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

ஒரு வரியாவது எழுது.

உன்,
அப்பூலி


நியாகபாரே,
அக்டோபர் 20, ஞாயிறு.

அன்புள்ள அட்யேரிக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. ஜெனரோசா அக்காவின் தங்கை மகள் வியாழக்கிழமை விமானத்தில் மஸ்கட்டுக்கே வேலைக்கு வருகிறாள். அவள் வேலை பார்க்கப் போகும் வீடு உன் எஜமானியின் உறவுக்காரர் வீடாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், மாதக் கடைசியில் நீ கையெழுத்துப் போடப் போகிறாய் என்று. என்னிடம் நீ சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் தெரியும். நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

நேற்று சோதனை நடந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு டாக்டர் என்னைத் தோட்டத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார். இரவெல்லாம் தூக்கம் இல்லை. காலையில் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பகுமா பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்கப் போறியா?” என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே நடந்தான்.

அவள் அத்திமரத்தில் இருந்தாள், தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில். மரத்தில், அட்யேரி! பக்கத்தில் கஜுரா. கிழவியின் முதுகை இவள் கிளறிக்கொண்டிருந்தாள், விரல் போன கையால்கூட. கீழே கிடாரா மல்லாக்கப் படுத்திருந்தான். நான் வேலிக்கு வந்து நின்றேன். டாக்டர், “கூப்பிடுங்க. எப்பவும் கூப்பிடுற மாதிரி, நல்லாச் சத்தமா” என்றார்.

வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வரட்டும் என்றும் ஒரு மூலையில் இருந்தது, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கூப்பிட்டேன். “அட்யேரி, ராத்திரி நல்லாத் தூங்குனியா?”

திரும்பினாள். என்னைத் தெரிந்தது அவளுக்கு. உதட்டைக் குவித்து மெல்ல ஒரு சத்தம் கொடுத்தாள். எழுந்து, ஒரு கிளை கீழே இறங்கினாள். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொரு தடவ” என்றார். மறுபடி கூப்பிட்டேன். அவள் என்னைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். கஜுரா மேலிருந்து முதுகைத் திருப்பிக் காட்டி, என்ன நிறுத்திவிட்டாய் என்பதுபோல உறுமினாள். அவ்வளவுதான். இவள் அந்தக் கிளையிலிருந்து மேலே ஏறிப் போய், விட்ட இடத்திலிருந்து கிளற ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது திரும்பவே இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டர் முகமூடிக்குள்ளேயே அழுதார். ஜெனரோசா அக்கா சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, “இனிமே என் பேர் எனக்குத்தானே?” என்று கேட்டு, எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துத் தன்னை விசாரிக்கச் சொன்னாள். நானும் வரிசையில் நின்று விசாரித்தேன். எனக்கு மகிழ்ச்சிதான். ஒருவனால் ஒரு உயிருக்குச் செய்யக்கூடியது இதுதான், தன்னிடம் வராமல் இருக்கச் செய்வது. அவளுக்கு இனி நாற்பது வருஷத்துக்கு ஆள் இருக்கிறது.

அப்புறம் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. இரண்டு வருஷமாக யாரும் இல்லாத வீடுதான், ஆனால் நேற்றுதான் உள்ளே கால் வைக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு நன்றாக விளங்கியது. அண்ணன் மகளுக்கு எம்பாக்கோ வைத்த நாளில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாரும் களியும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அண்ணி உன்னைப் பார்த்து, “அடுத்தவ புள்ளைக்குப் பேர் வெக்க வரிசையில மொதல்ல வந்து நிக்குற, நீ எப்ப ஒண்ணக் கொண்டு வரப் போற?” என்று கேட்டாள். சபையே சிரித்தது. நீ என்னைத்தான் பார்த்தாய். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் ஏஜெண்டின் காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, “என்ன சொல்ற அப்பூலி?” என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். பேருந்து நிலையத்தில் ஏறும்போது ஒரு தடவை கேட்டாய். அப்போதும் அதையேதான் சொன்னேன். ஜூன் மாதம் எழுத்தில் கேட்டாய், எழுத்திலும் அதையே சொன்னேன். உன்னைக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதை இல்லை, பயம். இருந்துவிடு என்று சொல்லி, முடியாது என்று நீ சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இன்று காலை பூசை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி டீ கொடுத்தாள். கையில் வாங்காமல் நின்றுகொண்டே சொன்னேன்: “அன்னிக்கு என் பொண்டாட்டியப் பாத்துக் கேட்ட கேள்விய என்னப் பாத்துக் கேட்டிருக்கணும் நீங்க. அவ திரும்பி வந்தா, இந்த வீட்டுல அவகிட்ட அதப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா, அப்பறம் எனக்கு அண்ணன் வீடு இல்ல.” அண்ணன் என்னை ஏதோ பேய் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அண்ணி, “வருவாளா?” என்று மட்டும் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதமாகப் பேசியிருக்கிறேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஜூன் கடிதம் உன்னிடம் இருந்தால் அந்த ‘உன் இஷ்டம்’ என்ற வரியை அடித்துவிடு. என் இஷ்டத்தைச் சொல்கிறேன். கையெழுத்துப் போடாதே. பிள்ளை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கூரை ஒழுகினாலும் சரி, நீ இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. அங்கே உனக்கு இதைவிட நல்ல வாழ்க்கை அமைந்துவிட்டதென்றால், உன்னைச் சேர்த்துக்கொண்ட மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றால், நேற்று அவள் செய்தது போல என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உன் வேலையைப் பார். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கூப்பிடவில்லை என்று மட்டும் இனி நீ நினைத்துவிடக் கூடாது.

அட்யேரி என்று கூப்பிட்டால் இந்த ஊரில் பாதிப் பெண்கள் திரும்புவார்கள். மஸ்கட்டிலும் உன்னோடு வேலை பார்க்கிறவர்களில் இரண்டு பேராவது இருப்பார்கள். அதனால் வழக்கத்தை மீறி, உன் அப்பா வைத்த பெயரை, கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டபோது ஒரு தடவை சொன்னதைத் தவிர நான் வாயால் சொல்லாத பெயரை, எழுதுகிறேன். இது சண்டைக்கு இல்லை. வேறு யாரும் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக.

கபகெனி, வீட்டுக்கு வா.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

கசாங்காக்கி